இனிமேல் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவதென்றால் தாராளமாக வாருங்கள்.

போன வாரம் ஒரு மாணவன் போன் செய்தான். 2003இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். அவனுடைய அப்பா இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. 84 வயது. துக்க வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வாசலில் நின்றவன் தோளில் கைவைத்து, “வருத்தப்படாதப்பா, பேரன் பேத்தி எல்லாம் பாத்துட்டாரு, கல்யாணச் சாவுதான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். போனில் அவன் கேட்டான்:

“சார், எல்லாரும் கல்யாணச் சாவுன்னுதான் சொல்றாங்க. நீங்களும் சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் சார் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது? உங்க ஆத்தா தவறுனப்ப உங்களுக்கு எப்படி சார் இருந்துச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை. “அப்புறம் பேசறேன்ப்பா” என்று வைத்துவிட்டேன்.

என் ஆத்தா போனது இந்தத் தை மாதம். ஐந்து மாதம் ஆகிறது. என் வாசலுக்கு வந்தவர்களும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். அதைக் கேட்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பையனிடம் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாய்ப்பழக்கம் அவ்வளவு பொல்லாதது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். வயதானவர் இறந்த வீட்டுக்குப் போய்க் ‘கல்யாணச் சாவு’ என்று பிள்ளைகளிடம் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். சொல்கிறவர் ஆறுதல் என்று நினைத்துச் சொல்கிறார். கேட்கிறவன் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: “நீ அழுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. அழுதால் அது மிகை.” அப்புறம் அவன் எங்கே போய் அழுவான்?

முதலில் அந்த வயதுக் கணக்கையே பாருங்கள். ஆத்தாவுக்கு ஆதார் அட்டைப்படி 88. ஆத்தா தன் வாயால் சொல்லும் கணக்குப்படி 90ஐத் தாண்டியிருக்கும். சாவன்று காலையில் முச்சந்தியில் கட்டிய பிளக்ஸில் 96 என்று போட்டிருந்தது. “யாருப்பா போட்டது?” என்று கேட்டேன். “இருக்கட்டும் மாமா, வயசு கூட இருந்தாத்தான் கெத்து” என்றான் அக்கா மகன். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் யோசித்துப் பார்த்தேன். வயதைக் கூட்டக் கூட ஊர் கொண்டாட்டம் கூடுகிறது, எனக்கு அழுவதற்கு இருக்கும் உரிமை குறைகிறது. ஒரு பிளக்ஸ் அச்சடிக்கிற பையன் என் துக்கத்தில் எட்டு வருடத்தைக் கழித்துவிட்டான்.

என் பிறந்த நாள் ஜூன் மாதத்தில் வருவதாக நினைத்துப் பலர் ஆண்டுதோறும் இங்கே வாழ்த்துச் சொல்கிறீர்கள். அது பொய்த் தேதி. என் தலைமுறையில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் ஒரு தேதியைத் தாமாகவே எழுதிக்கொண்டார். பின்னாளில் நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படி எழுதியிருக்கிறேன். என் உண்மையான பிறந்த நாள் ஆத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். “ஐப்பசி அடமழை, செவ்வாக்கெழம, விடியறதுக்கு மின்ன. மருத்துவச்சி வாய்க்காலத் தாண்டி வர முடியாம அக்கரையிலேயே நின்னுட்டா” என்று சொல்லும். எந்த வருடம் என்று நான் உட்கார்ந்து விசாரித்ததே இல்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அறுபது வருடம் இருந்துவிட்டேன். இப்போது என் கையில் இருப்பது அந்தப் பொய்த் தேதி மட்டும்தான்.

இதைத்தான் ‘கல்யாணச் சாவு’ என்று சொல்கிறவர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். இறந்தவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று மட்டும் எண்ணுகிறார்கள். மிஞ்சியிருப்பவன் அவரோடு எவ்வளவு காலம் வாழ்ந்தான் என்று எண்ணுவதில்லை. சின்ன வயதில் தாயை இழந்தவன் படும் பாடு பெரும்பாடு, மறுக்கவில்லை. ஆனால் 65 வருடம் “சாப்பிட்டியாய்யா” என்று கேட்ட ஒரு குரல் நின்று போவது எப்படிச் சின்ன விஷயம் ஆகும்? நாள் கூடக் கூடப் பழக்கம் கூடுகிறது. பழக்கம் கூடினால் பிரிவு எப்படிக் குறையும்? கணக்கே தலைகீழாக இருக்கிறது.

“சாரு, போன மாசம் நம்ம ஊர்ல முப்பது வயசுப் பையன் பைக்ல போய் செத்தான். அதோட இதை ஒப்பிடலாமா?” என்று ஒரு மச்சான் என்னிடம் கேட்டார். ஒப்பிடக் கூடாது என்றுதான் நானும் சொல்கிறேன். அந்தப் பையனைப் பெற்றவளின் துயரத்துக்கு முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் துக்கம் என்ன ரேஷன் கடைச் சர்க்கரையா, அந்த வீட்டுக்குக் கொடுத்தால் இந்த வீட்டுக்கு இல்லை என்று ஆவதற்கு? அவளுக்குப் பெரிது என்பதால் எனக்கு இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது, படுக்கையில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்ட வீடுகளின் கதை. ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து நான்கு வருடம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இரவு பதினொன்றுக்கு நான், ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் என் மனைவி, ஐந்து மணிக்கு மறுபடி நான். ஆத்தா போன அன்று ஒரு சின்னம்மா என் மனைவியிடம் வந்து, “இனி ஒனக்கு விடுதலைடி, நிம்மதியாத் தூங்கு” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மகனான என்னிடமாவது “வருத்தப்படாதீங்க” என்று சொன்னார்கள். அவளிடம் அதைக்கூட யாரும் சொல்லவில்லை. மருமகளுக்கு ஏது துக்கம் என்று நினைத்துவிட்டார்கள். நான்கு வருடம் குளிப்பாட்டி, தலைவாரி, கஞ்சி ஊட்டியவள் அவள். ஐந்து மாதம் ஆகியும் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். விடுதலை பெற்றவள் ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்தச் சின்னம்மா வந்து விளக்கட்டும்.

நிம்மதி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அடக்கம் முடிந்த மறுநாள் எட்டு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். எழுந்தபோது வெட்கமாக இருந்தது. தூங்கியதும் உண்மை, வெட்கமும் உண்மை. வயதானவர்களைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் ஒன்றாகவே வரும். ‘கல்யாணச் சாவு’ என்கிற வார்த்தை இந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆத்தாவுக்குக் கடைசியில் நினைவு தடுமாறியது. “மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று கேட்கும். நாங்கள் மாட்டை விற்றே பதினைந்து வருடம் ஆகிறது. இறப்பதற்கு நான்கு நாள் முன்னால் ஒரே மத்தியானத்தில் ஏழெட்டுத் தரம் கேட்டது. எனக்கு அன்று என்ன எரிச்சலோ, “பேசாம இரு ஆத்தா” என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு ஆத்தா அதைக் கேட்கவில்லை. “காட்டியாச்சு ஆத்தா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 35 வருடம் எத்தனை பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

இதை நான் யாரிடம் சொல்வது? வந்தவர்கள்தான் வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்களே, நல்ல சாவு, கொடுத்து வைத்த சாவு என்று. அதற்கு மேல் பேச இடம் ஏது?

அவர்களிலேயே சிலர் உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “ஆஸ்பத்திரியில வெச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும்ல?” என்றார்கள். நுரையீரலில் சளி கட்டிக் கடைசியாகச் சேர்த்தபோது, டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, செயற்கை சுவாசம் வைப்பதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா என்று கேட்டார். வீட்டுக்கு என்று சொன்னேன். தன் கட்டிலில், தன் வீட்டில் போகட்டும் என்று நினைத்தேன். அது சரிதானா என்று நான் கேட்டுக்கொள்ளாத இரவு கிடையாது. வாசலில் ‘கல்யாணச் சாவு’, உள்ளே ‘வெச்சிருக்கலாமே’. ஒரே வாய்தான். இரண்டில் எது உங்கள் கருத்து என்று தயவுசெய்து முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

“இது நம்ம பண்பாடு. பறை அடிச்சு, பூப்பல்லக்கு கட்டி, பேரன்மாரு நெய்ப்பந்தம் புடிச்சு வழியனுப்புறத வேணாங்கிறீங்களா?” என்று கேட்பீர்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆத்தாவுக்கும் பறை அடித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பண்பாடு என்று பேசுகிறவர்கள் அதை முழுசாகப் பேச வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த வயதானவர்களின் சாவில் வெளியே பறை இருந்தது, உள்ளே ஒப்பாரியும் இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். செத்தவரின் பெருமை, பட்ட கஷ்டம், பாகப்பிரிவினையில் நடந்த அநியாயம், கேட்டுக் கிடைக்காமல் போன ஒரு சேலை, கடைசியாகப் பேசாமல் விட்ட பேச்சு எல்லாம் அந்த ராகத்தில் வந்துவிடும். கிழவி செத்தாலும் அதுதான், குமரி செத்தாலும் அதுதான். “வயசாச்சு, அழாதே” என்று அங்கே யாரும் சொன்னதில்லை. பாரத்தை வெளியே கொட்டுவதற்கு ஓர் இடத்தையும் ஒரு முறையையும் நம் கிழவிகள் வைத்திருந்தார்கள்.

இன்று என்ன செய்கிறோம்? பறை இருக்கிறது, வெடி இருக்கிறது, ஐஸ் பெட்டி இருக்கிறது, வீடியோ எடுக்க ஆள் இருக்கிறது. ஒப்பாரியை விட்டுவிட்டோம். யாராவது வாய்விட்டு அழுதால், “பிரஷர் இருக்கு, அவங்களைக் கூட்டிட்டுப் போங்க” என்று அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம். பதினாறு நாள் துக்கத்தை, “லீவு இல்ல மாமா, மூணாம் நாளே கருமாதிய முடிச்சிரலாமே” என்று மூன்று நாளாக்கிவிட்டோம். பாதிப் பண்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குக் ‘கல்யாணச் சாவு’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆண்களுக்கு அந்தப் பழைய பாதியும் கிடையாது. மொட்டை போடு, கொள்ளிக்குடம் தூக்கு, திரும்பிப் பார்க்காமல் நட. மறுநாளிலிருந்து காகித வேலை. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்யணும், வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போடணும், பென்ஷனை நிறுத்தச் சொல்லணும், பேங்க் கணக்கை முடிக்கணும் என்று ஒருவர் விடாமல் எனக்கு நினைவூட்டினார்கள். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். ஆனால் “நீ எப்படிடா இருக்கே?” என்று கேட்டவர் ஒரே ஒருவர். எங்கள் தெருவில் இஸ்திரி போடுபவர். அவருடைய அம்மாவும் போன வருடம்தான் போனார்.

நான் தமிழாசிரியன். என் பங்குக்கு இலக்கியமும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

நண்பர் ஒருவர் ஆறுதலாகத் திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை அப்படியே அனுப்பி வைத்தார். நான் பல வருடம் நடத்திய பாடம்தான். 34ஆம் அதிகாரம். துறவறவியலில் இருக்கிறது. உயிர் இருக்கும்போதே நல்லதைச் செய்துவிடு என்று வாழ்கிறவனை விரட்டுவதற்கான அதிகாரம் அது. தன் நெஞ்சைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியதை அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சொன்னால் எப்படி?

புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினா. ‘தலைவன் இறந்ததற்கு வருந்திப் பாடுவது’ என்று எழுதினால் முழு மதிப்பெண் போடுவேன். 112ஆம் பாட்டு, பாரியின் பெண்கள் தங்கள் தகப்பனை நினைத்துப் பாடியது. போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் வைத்துப் பாடுகிறார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டது, போதும் என்று யாரும் அவர்கள் வாயை அடைக்கவில்லை. அடைத்திருந்தால் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்காது.

பட்டினத்தார் கதை உங்களுக்குத் தெரியும். வீடு, வணிகம், செல்வம் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போனவர். ஊரார் அவருக்குச் சொல்லாத நிலையாமையா? அவரே ஊருக்குச் சொன்னவர். அப்படிப்பட்டவர் தாய் இறந்தபோது திரும்பி வந்து, பச்சை வாழை மட்டையை அடுக்கித் தகனம் செய்து பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சுமந்ததையும் பாலூட்டியதையும் எண்ணியெண்ணி அழுகிற பாட்டுகள் அவை. பந்தபாசம் அறுத்த துறவிக்கே அழுகை தப்பில்லை என்றால், பென்ஷன் வாங்குகிற வாத்தியாருக்கு மட்டும் என்ன?

என் தம்பி மகன் ‘துக்கத்தின் ஐந்து படிகள்’ என்று வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பி, “பெரியப்பா, நீங்க இப்ப நாலாவது படியில இருக்கீங்க” என்றான். தம்பி, அந்த ஐந்தும் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969இல் எழுதிய நூலிலிருந்து வந்தவை. சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசி அவர்களின் மனநிலையைப் பற்றி அவர் எழுதியது. பிற்பாடுதான் அதை இழந்தவர்களுக்கும் பொருத்திப் பேசினார்கள். துக்கம் படி ஏறிப் போவதில்லை. காலையில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசுகிறேன், மத்தியானம் ஆத்தாவின் வெற்றிலை உரலைப் பார்த்தால் நிற்க முடியவில்லை, சாயங்காலம் பேத்தியோடு சிரிக்கிறேன். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில், ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கிப் போடும் துயரத்தை மருத்துவம் பார்க்க வேண்டிய ஒரு நிலையாகச் சேர்த்திருக்கிறார்கள். இறந்தவருக்கு என்ன வயது என்ற கேள்வி அந்த வரையறையில் இல்லை. உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணிலும் நம் மாநிலத்தின் 104 எண்ணிலும் தமிழிலேயே பேசலாம். “எங்கப்பாவுக்கு 84 வயசு, இதுக்குப் போய் டாக்டரா” என்று நினைக்காதீர்கள்.

சரி, ‘கல்யாணச் சாவு’ வேண்டாம் என்றால் வேறு என்னதான் சொல்வது? வாத்தியார் புத்தி, வரிசையாகவே சொல்கிறேன்.

ஒன்று. “என்ன வயசு?” என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். “கடைசியா என்ன பேசுனாங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். மற்றதை அவர்கள் சொல்வார்கள்.

இரண்டு. பார்த்துக்கொண்டது யார் என்று விசாரித்து அவரிடமும் போய் ஒரு வார்த்தை பேசுங்கள். பெரும்பாலும் அது மகளாகவோ மருமகளாகவோ இருக்கும். அடுப்படியில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார்.

மூன்று. பதினாறு முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் பதினேழாம் நாள் போங்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு போன் செய்யுங்கள். முதல் தீபாவளிக்கும் முதல் திவசத்துக்கும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு. இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் செய்தியைச் சொல்லுங்கள். ஆத்தா காரியத்துக்கு வந்த என் பழைய மாணவி ஒருத்தி, “சார், நான் உங்க வீட்டுக்கு நோட்டுக் கொண்டுவந்தப்ப ஆத்தா எனக்கு அவிச்ச பனங்கிழங்கு குடுத்தாங்க” என்றாள். 1998இல் நடந்தது. எனக்கே தெரியாது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல் அந்தப் பனங்கிழங்குதான்.

ஐந்து. உங்கள் அப்பா அம்மா இன்னும் இருக்கிறார்கள் என்றால், இந்த வாரமே போய் நீங்கள் எந்த மாதம், எந்தக் கிழமை, எப்படிப் பிறந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை அவர்கள் பத்துத் தரம் கேட்டாலும் பத்துத் தரம் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, எனக்குப் போன் செய்த அந்த மாணவனுக்கு.

தம்பி, அன்று உன் வீட்டு வாசலில் நான் சொன்னது தப்பு. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உனக்கு மட்டும் இல்லை, எனக்கும் தூக்கம் வருவதில்லை. அதில் அசிங்கப்பட ஒன்றும் இல்லை. உன் அப்பா 84 வயது வரை இருந்தார் என்றால், நீ 84 வயதுக்காரரின் பிள்ளையாக இருந்து பழகியிருக்கிறாய். அந்தப் பழக்கம் இருபது நாளில் போகாது. எனக்கு ஐந்து மாதத்தில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டுக்கு வருகிறேன். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உன் அப்பாவைப் பற்றி நீ சொல்லு, நான் கேட்கிறேன்.

மற்றவர்களுக்கு: இந்தப் பதிவின் கீழே ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட வேண்டாம். என் ஆத்தாவைத் தெரிந்தவர்கள் அதைப் பற்றி ஏதாவது ஒன்று எழுதுங்கள். தெரியாதவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதுங்கள். என்ன வயதில் போனார் என்று மட்டும் எழுதாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழையா